மோட்டார்ஹோம் குழாய்களில் தண்ணீர் நூலாக வருகிறதா? பம்பை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

உங்கள் கேள்வியை என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். சென்ற ஆண்டு நீங்கள் வாங்கிய, 2011ஆம் ஆண்டு மாடல், 28 அடி நீள மோட்டார்ஹோமில் (உள்ளேயே சமையலறையும் கழிப்பறையும் கொண்ட வீட்டு வண்டி) சமையலறைக் குழாயிலும் வாஷ்பேசின் குழாயிலும் தண்ணீர் நூலாகத்தான் வருகிறது. வண்டியின் டேங்கிலிருந்து பம்ப் போட்டு எடுத்தாலும், கேம்ப்கிரவுண்டில், அதாவது இத்தகைய வண்டிகள் தங்கும் முகாமில், ஹோஸ் மாட்டி எடுத்தாலும் நிலைமை மாறவில்லை. கழிப்பறையில் மட்டும் நன்றாகப் பாய்கிறது. பழுது பார்க்கும் கடை ஒன்றில் பம்பை மாற்றச் சொல்லிவிட்டார்கள். இப்போதிருப்பதைவிட அதிக அழுத்தம் தரும் பம்ப் எது என்று கேட்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது பம்பின் பெயரை அல்ல, பாத்திரம் கழுவவும் முகம் கழுவவும் போதுமான தண்ணீர் ஏன் வரவில்லை, கோளாறை எங்கே தேடுவது என்பதைத்தான் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவன். பதினேழு ஆண்டுகளாக டெக்சாஸில் மோட்டார்ஹோம்களிலும் இழுத்துச் செல்லும் டிரெய்லர்களிலும் தண்ணீர், கேஸ் வேலைகளைப் பார்த்து வருகிறேன். வண்டியைத் தொட்டுப் பார்க்காமல் கோளாறை முழுமையாகச் சொல்லிவிட யாராலும் முடியாது. ஆகவே உங்கள் சொற்களிலிருந்தே உறுதியாகத் தெரிவது எது, என் அனுபவத்தை வைத்து நான் ஊகிப்பது எது, நீங்கள் சோதித்தால்தான் தெரியக்கூடியது எது என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

உறுதியாகத் தெரிவதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்லும் குறைக்குப் பம்ப் மட்டுமே காரணமாக இருக்க முடியாது. மோட்டார்ஹோமில் தண்ணீர் இரண்டு வழிகளில் உள்ளே வருகிறது. ஒன்று, வண்டிக்குள் இருக்கும் டேங்கிலிருந்து 12 வோல்ட் பம்ப் உறிஞ்சித் தள்ளும் வழி. மற்றொன்று, வெளிப்புறச் சுவரில் உள்ள சிட்டி வாட்டர் வாயில் ஹோஸை மாட்டி, கேம்ப்கிரவுண்டின் சொந்த அழுத்தத்திலேயே உள்ளே விடும் வழி. இந்த இரண்டும் பம்பைத் தாண்டிய ஓர் இடத்தில் கூடி, அதன் பிறகு ஒரே பைப்பாக ஓடி, ஹீட்டருக்கும் சமையலறைக்கும் ஷவருக்கும் கழிப்பறைக்கும் பிரிகின்றன. ஹோஸ் மாட்டியிருக்கும்போது தண்ணீர் பம்பின் வழியாக வருவதே இல்லை. பம்புக்குள் இருக்கும், ஒரே திசையில் மட்டும் தண்ணீரை விடும் செக் வால்வு, அந்தத் தண்ணீர் டேங்குக்குள் திரும்பிப் போகாமல் தடுத்து நிற்கிறது, அவ்வளவுதான். பம்பே பங்கெடுக்காத நேரத்திலும் அதே குறை இருக்கிறது என்றால், புதிய பம்ப் அந்த நேரத்துக் குறையை எப்படித் தீர்க்கும்? கடைக்காரர் நேர்மையற்றவர் என்று நான் சொல்லவில்லை. ஹோஸ் மாட்டினாலும் இப்படித்தான் என்ற ஒரு வரியை நீங்கள் அவரிடம் சொல்லாமல் இருந்திருந்தால், அவர் பம்பைச் சந்தேகித்தது இயல்பே.

அடுத்ததாக, அழுத்தம் என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் பணம் வீணாவது பெரும்பாலும் இந்தச் சொல்லில்தான். நம் ஊரில் மாடி வைக்காத ஒரு வீட்டின் மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் நீர்மட்டம் குழாயைவிட 4 மீட்டர் உயரத்தில் இருந்தால், குழாயில் கிடைக்கும் அழுத்தம் ஏறத்தாழ 6 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) மட்டுமே. உங்கள் வண்டி வகையில் வழக்கமாக இருக்கும் பம்போ 45 அல்லது 55 பிஎஸ்ஐ வரை ஏற்றிவிட்டுத்தான் நிற்கும். அழுத்தத்தில் ஏழு மடங்குக்குக் குறையாத வித்தியாசம். அப்படியிருந்தும் அந்த வீட்டுக் குழாயில் வாளி சட்டென்று நிரம்புகிறது, உங்கள் சின்க்கில் டம்ளர் நிரம்பக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அங்கே பைப் அகலம், குழாயின் வாய் திறந்த வாய். இங்கே அரை அங்குல பெக்ஸ் (வளையக்கூடிய பிளாஸ்டிக்) பைப்பின் உள்விட்டம் சுமார் 12 மில்லிமீட்டர், அதன் இணைப்புத் துண்டுகளின் உள்வழி அதைவிடவும் குறுகல், குழாய் வாயிலோ மெல்லிய சல்லடை. தண்ணீர் எவ்வளவு வருகிறது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வழியில் உள்ள மிகக் குறுகலான இடம்தான்.

குழாய் மூடியிருக்கும்போது, பாதி அடைபட்ட பைப்பிலும் அடைபடாத பைப்பிலும் அழுத்தம் ஒன்றாகவே இருக்கும். திறந்து தண்ணீர் ஓடத் தொடங்கிய பிறகுதான் குறுகலான இடத்தில் அழுத்தம் விழுகிறது. ஓர் அடைப்பின் ஊடாகப் பாயும் அளவு, அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே கூடுகிறது. ஆகவே 45 பிஎஸ்ஐ பம்பை எடுத்துவிட்டு 55 பிஎஸ்ஐ பம்பை மாட்டினால், அதே அடைப்பின் வழியாக உங்களுக்குக் கூடுதலாகக் கிடைப்பது பத்தில் ஒரு பங்கு தண்ணீர். கண்ணுக்குக்கூட அது சரியாகத் தெரியாது. அந்த அடைப்பின் விட்டம் பத்தில் ஒரு பங்கு விரிந்தாலோ, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வந்துவிடும். அதனால்தான் பெரிய பம்ப் வாங்குவதற்கு முன் அடைப்பைத் தேடுங்கள் என்று வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்.

இனி, கழிப்பறையில் மட்டும் நன்றாகப் பாய்கிறது என்று நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த வரிக்கு வருகிறேன். உங்கள் கேள்வியிலேயே மிகவும் பயனுள்ள வரி அதுதான். மோட்டார்ஹோம் கழிப்பறைக்குப் போவது குளிர்ந்த நீர் மட்டும். அதன் வால்வு அகலமாகத் திறக்கும். அதில் ஏரேட்டர் என்னும் குழாய் நுனிச் சல்லடை கிடையாது. அங்கே இரண்டு வழிகளிலும் நீர் வேகமாகப் பாய்கிறது என்றால், டேங்க், பம்ப், ஹோஸ், நுழைவாயில், கூடிய பிறகு ஓடும் முதன்மைப் பைப் ஆகிய யாவும் போதுமான தண்ணீரைக் கொண்டுவருகின்றன என்று பொருள். சில வண்டிகளில் கழிப்பறைக்கான கிளை மிக முன்னாலேயே பிரிந்துவிடும் என்பதால், அதைத் தாண்டிய பகுதியில் ஒரு மடிப்போ அடைப்போ இருக்கலாம் என்ற ஐயத்துக்கு மட்டும் இடம் வைக்கிறேன். அது தவிர, கோளாறு குழாய்களுக்கு அருகில்தான் இருக்கிறது. இரண்டு குழாய்களிலும் ஒரே மாதிரியான குறை என்பதால், இரண்டுக்கும் பொதுவான தன்மை கொண்ட ஒன்றை, அதாவது ஏரேட்டரை, நான் முதலில் சந்தேகிக்கிறேன். இது ஊகம்தான், ஆனால் பத்து நிமிடத்தில், செலவே இல்லாமல் சோதித்துவிடக்கூடிய ஊகம்.

ஏரேட்டர் என்பது குழாயின் நுனியில் திருகியிருக்கும் சிறு சல்லடை மூடி. தண்ணீரில் காற்றைக் கலந்து நுரைபோல விழச் செய்வது. அதைக் கழற்றும் முன் ஒரு அளவு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கேலன் (சுமார் 3.8 லிட்டர்) பால் கேனை நன்றாகக் கழுவி, சமையலறைக் குழாயில் குளிர்ந்த நீரை மட்டும் முழுவதும் திறந்து, கேன் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். பிறகு சூடான நீரை மட்டும் திறந்து அதேபோல் பாருங்கள். அமெரிக்காவில் 1994க்குப் பிறகு செய்யப்பட்ட குழாய்களுக்கு 60 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நிமிடத்துக்கு 2.2 கேலன் என்பது சட்டம் வைத்த உச்சவரம்பு. அந்த வேகத்தில் கேன் 27 விநாடியில் நிரம்பும். நிமிடத்துக்கு ஒன்றரை கேலன் தரும் சிக்கனக் குழாய் என்றால் 40 விநாடி. மோட்டார்ஹோமில் 40 முதல் 50 விநாடி ஆவதை நான் கோளாறு என்று சொல்ல மாட்டேன். ஒன்றரை நிமிடம், இரண்டு நிமிடம் என்று போனால் எங்கோ அடைத்திருக்கிறது. இப்போது ஏரேட்டரைக் கழற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். நேரம் பாதியாகக் குறைந்தால் கோளாறு உங்கள் கையிலேயே இருக்கிறது.

கழற்றுவதற்குப் பெரும்பாலும் கைவிரலே போதும். இறுகியிருந்தால் ஒரு துணியைச் சுற்றிக் குறடால் மெல்லத் திருகலாம். மோட்டார்ஹோம் குழாய்களில் பல, உலோகம் போலப் பூச்சுப் பூசிய பிளாஸ்டிக் என்பதால் வலுக்கட்டாயம் கூடாது. சில மாடல்களில் ஏரேட்டர் வாயின் உள்ளே புதைந்திருக்கும். அதற்கென ஒரு சிறிய பிளாஸ்டிக் சாவி ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். வெளியே எடுத்ததும் பாகங்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். சல்லடையில் வெள்ளைப் பொருக்கு, மணல், பைப் வெட்டியபோது விழுந்த பிளாஸ்டிக் சீவல், டெஃப்லான் டேப்பின் நூல்கள் ஆகியவற்றில் ஒன்றாவது இருக்கும். வெள்ளை வினிகரில் ஓரிரு மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்தால் சுண்ணாம்பு கரைந்துவிடும். அப்படியும் தெளியாவிட்டால் புதியது சில டாலர்தான். மாட்டுவதற்கு முன், ஏரேட்டர் இல்லாமலேயே ஒரு நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, பைப்பில் மிச்சமிருக்கும் துகள்களை வெளியேற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவை மறுநாளே புதிய சல்லடையை அடைக்கும்.

நீங்கள் சான் அன்டோனியோவில் வசிப்பதாகவும், வீட்டிலேயே டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்புவதாகவும் எழுதியிருப்பது என் சந்தேகத்தை இன்னும் வலுப்படுத்துகிறது. அந்த நகரத்தின் தண்ணீரில் பெரும்பகுதி எட்வர்ட்ஸ் நிலத்தடி நீர்த்தேக்கத்திலிருந்து, அதாவது சுண்ணாம்புப் பாறையின் ஊடாக ஊறி வருவது. அதன் கடினத்தன்மை கேலனுக்கு 15 முதல் 20 கிரெயின் (கடினத்தன்மைக்கான அமெரிக்க அலகு); லிட்டருக்கு ஏறத்தாழ 260 முதல் 340 மில்லிகிராம். நம் ஊரில் உப்புத் தண்ணீர் என்று பொதுவாகச் சொல்வோமே, சுடவைத்த பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் அந்த வகைத் தண்ணீர். மோட்டார்ஹோம் வீட்டைப் போல் தினமும் புழங்குவதில்லை. பயணம் முடிந்ததும் வாரக்கணக்கில் டெக்சாஸ் வெயிலில் நிற்கிறது. சல்லடையில் ஒட்டிய துளிகள் காய்ந்து, ஒவ்வொரு முறையும் ஒரு மெல்லிய சுண்ணாம்புத் தோலை விட்டுப்போகின்றன. இரண்டு வருடம் இப்படி நடந்தால் நூலாகத் தண்ணீர் வருவதில் வியப்பில்லை.

ஏரேட்டரைக் கழற்றிய பிறகும் குறை தீரவில்லை என்றால், சூடான நீருக்கும் குளிர்ந்த நீருக்கும் நீங்கள் எடுத்த விநாடிகளை ஒப்பிட வேண்டும். குளிர்ந்த நீர் நன்றாக வந்து சூடான நீர் மட்டும் மெலிந்தால், ஹீட்டரின் பக்கம் போக வேண்டும். சூடாக்கும்போது சுண்ணாம்பு தண்ணீரில் கரைந்திருக்க முடியாமல் வெளியே படிகிறது. ஆகவே படிவு அதிகம் சேரும் இடம் ஹீட்டர்தான். பெரும்பாலான ஹீட்டர்களின் பின்புறம், சூடான நீர் வெளியேறும் இடத்தில், ஒரு சிறு செக் வால்வு இருக்கும்; அது படிவால் இறுகிப் பாதி மட்டும் திறந்து நிற்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. குளிர்காலத்தில் உறைநீர்த் தடுப்பு (பைப்பில் தண்ணீர் உறையாமலிருக்க விடும் திரவம்) ஊற்றும்போது ஹீட்டரைத் தாண்டிச் செல்ல வைத்திருக்கும் பைபாஸ் வால்வுகளை, ஹீட்டரின் கேஸையும் மின்சாரத்தையும் அணைத்துவிட்டு, பைபாஸ் நிலைக்குத் திருப்புங்கள். அப்போது சூடான நீர்ப் பைப்பிலும் குளிர்ந்த நீரே வரும். அது வேகமாக வந்தால் அடைப்பு ஹீட்டரிலோ அதன் செக் வால்விலோ இருக்கிறது; அப்போதும் மெலிந்தே வந்தால் ஹீட்டரின் மேல் குற்றமில்லை. சோதனை முடிந்ததும் வால்வுகளைப் பழைய நிலைக்கு முழுவதுமாகத் திருப்புங்கள். பாதியில் நிற்கும் பைபாஸ் வால்வே வெதுவெதுப்பான தண்ணீருக்குக் காரணமான வண்டிகள் ஏராளம். ஹீட்டர் டேங்கில் தண்ணீர் இல்லாமல் அதன் மின்சார எலிமெண்டை எக்காரணம் கொண்டும் போட்டுவிடாதீர்கள்; சில நிமிடங்களில் கருகிவிடும்.

உங்கள் ஹீட்டர் சபர்பன் வகையாக இருந்தால், அதன் டேங்க் உட்புறம் பீங்கான் பூச்சுப் பூசிய இரும்பு. துருப்பிடிக்காமல் இருக்க அதில் ஓர் ஆனோடு கம்பி திருகியிருக்கும். தன்னையே கொடுத்து டேங்கைக் காக்கும் அந்தக் கம்பி கரைய, வெண்மையான கசடு அடியில் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய்ச் சல்லடைகளுக்கு வந்து சேரும். ஆட்வுட் வகை அலுமினிய டேங்கில் ஆனோடு கிடையாது. படிவு மட்டும் உண்டு. எதுவாயினும் ஆண்டுக்கு ஒருமுறை வடித்துக் கழுவுவது நல்லது. ஆனால் ஹீட்டரை அணைத்து, பல மணி நேரம் ஆறவிட்டு, பம்பையும் வெளித்தண்ணீரையும் நிறுத்தி, ஒரு சூடுநீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை முழுவதும் இறக்கிய பிறகே அந்தக் கம்பியையோ வடிகால் மூடியையோ தொட வேண்டும். கொதிக்கும் நீர் அழுத்தத்தோடு பீறிட்டால் ஏற்படும் காயத்தை நேரில் பார்த்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சூடும் குளிரும் இரண்டும் மெலிந்தே வந்து, ஏரேட்டரும் காரணமில்லை என்று தெரிந்தால், சின்க்கின் கீழே குனிந்து பாருங்கள். முன்பு வண்டியை வைத்திருந்தவர் குடிநீருக்காகச் சிறிய பில்டர் ஒன்றைப் பைப்பிலேயே பொருத்திவிட்டு, அதை மாற்றாமலேயே விற்றிருப்பார். இரண்டாம் கை வண்டிகளில் நான் முதலில் தேடும் பொருள் அது. அரை மைக்ரான் பில்டர் ஒன்று, புதியதாக இருக்கும்போதே தண்ணீரைக் கணிசமாகக் கட்டுப்படுத்தும். ஒரு வருடம் ஆனபின் கேட்கவே வேண்டாம். அதைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். அடுத்து, பெக்ஸ் பைப் எங்காவது மடிந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும். அந்தப் பைப்பைத் தன் வெளிவிட்டத்தின் எட்டு மடங்குக்குக் குறைவான ஆரத்தில் வளைக்கக் கூடாது. அரை அங்குலப் பைப்புக்கு இது 5 அங்குலம். உங்கள் சமையலறை, ஸ்லைட் அவுட் என்னும் வெளியே நகரும் பகுதியில் இருந்தால், அதன் அடியில் நகரும் பைப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஸ்லைட் உள்ளே இருக்கும்போது ஒருமுறையும் வெளியே இருக்கும்போது ஒருமுறையும் பால் கேனை நிரப்பிப் பாருங்கள். விநாடிகள் மாறினால் பைப் மடிகிறது என்பதில் ஐயமே வேண்டாம்.

ஷவரைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. அதுவும் மெலிந்து வந்தால் ஷவர் தலையின் துளைகளையும், கைப்பிடியில் உள்ள நிறுத்தும் பொத்தானையும் பாருங்கள். வண்டியின் வெளிப்புறத்தில் உள்ள ஷவரையும் மறந்துவிடாதீர்கள். அதன் இரண்டு திருகுகளையும் திறந்தே விட்டுத் தலையை மட்டும் மூடிவைத்தால், சூடும் குளிரும் அங்கே கலந்து, உள்ளே எல்லாக் குழாயிலும் வெதுவெதுப்பாக வரும். ஹீட்டர் கோளாறு என்று நினைத்து ஹீட்டரையே கழற்றியவர்கள் உண்டு.

இதுவரை சொன்னது நீங்கள் எழுதியது முழுவதும் சரி என்ற அடிப்படையில். கழிப்பறை நன்றாகப் பாய்வது பம்பில் மட்டுமே, அல்லது ஹோஸில் மட்டுமே என்று மறுபடி பார்க்கும்போது தெரிந்தால், கணக்கு மாறிவிடும். இரண்டு வழிகளிலும் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் ஒரே நேரத்தில் இருப்பது அரிது. ஆனால் பதினான்கு பதினைந்து ஆண்டு ஓடிய வண்டியில் நடக்கவே நடக்காது என்று என்னால் சொல்ல முடியாது.

ஹோஸ் வழியில் குறை என்றால் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, வெளியிலிருந்து வரும் அழுத்தத்தைக் குறைத்துக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சிறிய உருளை வடிவப் பித்தளை ரெகுலேட்டர், குழாய் மூடியிருக்கும்போது சரியான அழுத்தத்தைக் காட்டினாலும், திறந்ததும் தண்ணீரின் அளவை நெரித்துவிடும். பெரிய உடல் கொண்ட, திருகி அழுத்தத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய வகை, விலை அதிகமானாலும், வண்டியின் தண்ணீருக்காகச் செலவழிக்கும் பணத்தில் மிகப் பயனுள்ளது என்பது என் கருத்து. இரண்டாவது ஹோஸ். உள்விட்டம் அரை அங்குலமா, எட்டில் ஐந்து அங்குலமா என்று பாருங்கள். தண்ணீர் வேகமாக ஓடும்போது உராய்வால் ஏற்படும் இழப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்கைப் பொறுத்தது. ஆகவே அந்தச் சிறு வித்தியாசத்தால் ஒரே அளவு தண்ணீருக்கு இழப்பு மூன்றில் ஒன்றாகிவிடும். மூன்றாவது, வண்டியின் நுழைவாயிலில் இருக்கும் சிறு கூம்புச் சல்லடை. அதைத் தொடும் முன் வெளிக்குழாயை மூடி, பம்பை அணைத்து, உள்ளே ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தை முழுவதும் இறக்கிவிடுங்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் நான் இதைச் செய்யாமல் சல்லடையைக் குறடால் இழுத்தேன். பின்னாலிருந்த அழுத்தம் செக் வால்வின் உள்பாகத்தைத் தள்ளி வெளியேற்றிவிட்டது, அந்த வாடிக்கையாளருக்கு நுழைவாயில் முழுவதையும் மாற்றித் தர வேண்டியதாயிற்று.

இந்த மூன்றில் எது என்று கண்டுபிடிக்க, ஹோஸ் திருகில் மாட்டக்கூடிய அழுத்தமானி ஒன்றை, இரண்டாகப் பிரியும் இணைப்பின் ஒரு கையில் மாட்டி, அதை வண்டியின் நுழைவாயிலுக்கு அருகில் வையுங்கள். குழாய்கள் மூடியிருக்கும்போது 50 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே சமையலறைக் குழாயை முழுவதும் திறந்ததும் முள் 15க்கு விழுந்தால், அடைப்பு மானிக்கு முன்னால், அதாவது கேம்ப்கிரவுண்டிலோ ரெகுலேட்டரிலோ ஹோஸிலோ இருக்கிறது. முள் 45லேயே நின்று, உள்ளே தண்ணீர் மட்டும் மெலிந்து வந்தால், அடைப்பு மானியைத் தாண்டி வண்டிக்குள் இருக்கிறது. எந்தப் பொருளையும் மாற்றாமல் பாதி வண்டியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும் சோதனை இது. காலையிலும் மாலையிலும் எல்லோரும் குளிக்கும் நேரத்தில் மட்டும் முள் விழுந்தால் அது கேம்ப்கிரவுண்டின் குறை. டேங்கை இரவில் நிரப்பிவைத்துக்கொண்டு அந்த நேரத்தில் பம்பிலேயே புழங்குவதே தீர்வு.

பம்ப் வழியில் மட்டும் குறை என்றால், பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் இருக்கும் ஒளிபுகும் சிறு கிண்ணச் சல்லடையை முதலில் கழற்றிப் பாருங்கள். ஒரு தம்பதியர் இரண்டு பம்புகளை மாற்றிவிட்டு மூன்றாவதை மாட்டச் சொல்லி என்னிடம் வந்தார்கள். டேங்கில் துளையிட்டபோது உள்ளே விழுந்த பிளாஸ்டிக் சுருள்கள் அந்தக் கிண்ணத்தில் நிறைந்திருந்தன. அவற்றை எடுத்தெறிந்த பிறகு, பழைய பம்பே போதுமானதாக இருந்திருக்கும் என்பதை அவர்களிடம் சொல்வது எனக்கு வருத்தமாக இருந்தது. தண்ணீர் விட்டுவிட்டுத் துப்புவதுபோல் வந்து, எல்லாக் குழாயையும் மூடிய பிறகும் பம்ப் நிற்காமல் ஓடினால், உறிஞ்சும் பக்கத்தில் காற்று நுழைகிறது. உறைநீர்த் தடுப்பை உறிஞ்சுவதற்கான சிறு வால்வு சரியாக மூடாமல் இருப்பது அதற்கு வழக்கமான காரணம். பிறகு மின்சாரம். குழாயைத் திறந்து பம்ப் ஓடும்போது அதன் முனைகளிலேயே வோல்ட்டை அளந்து, அதே நேரத்தில் பேட்டரியில் உள்ள வோல்ட்டோடு ஒப்பிடுங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வயரிலோ எர்த் இணைப்பிலோ கோளாறு. இத்தனையும் சரியாக இருந்து, பம்பின் வெளியேறும் பக்கத்தைக் கழற்றி நேராக வாளியில் விட்டாலும் மெலிந்து வந்தால், அப்போது பம்பை மாற்றுங்கள். நிமிடத்துக்கு 3 கேலன், 55 பிஎஸ்ஐ என்ற சாதாரண அளவே 28 அடி வண்டிக்குப் போதும்.

அழுத்தத்தைக் கூட்டியே தீருவேன் என்று ரெகுலேட்டரை 80, 90 என்று திருகுவதையும், ரெகுலேட்டரையே கழற்றிவிடுவதையும் தயவுசெய்து செய்யாதீர்கள். பெக்ஸ் பைப் 23 டிகிரி செல்சியஸில் 160 பிஎஸ்ஐ தாங்கும் என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். அதைக் காட்டி வாதிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதே பைப் 82 டிகிரியில் தாங்குவது 100 மட்டுமே. அதோடு முதலில் உடைவது பைப் அல்ல, கழிப்பறையின் பிளாஸ்டிக் வால்வும் கையால் திருகிய இணைப்புகளும். நீங்கள் வெளியே போயிருக்கும் நேரத்தில் அவற்றில் ஒன்று விட்டுக்கொடுத்தால், மாலைக்குள் தரைப்பலகை முழுவதும் ஊறியிருக்கும். 45 முதல் 55 வரை வைத்துக்கொண்டால் போதும். இதைப் படிக்கும் வேறு யாரிடமாவது 1995க்கு முந்தைய வண்டி இருந்து, பைப் சாம்பல் நிறத்தில் இருந்தால், அது பெரும்பாலும் பாலிபியூட்டிலீன். இணைப்புகள் வெடிப்பதற்குப் பெயர்போனது. அதில் அழுத்தத்தைக் கூட்டுவது பற்றிய பேச்சே கூடாது.

உங்களுக்கு இப்போது வேண்டியது பால் கேனும் கைக்கடிகாரமும். இன்று மாலை ஏரேட்டருடன் ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை, சூடு தனியாக, குளிர் தனியாக, இரண்டு குழாய்களிலும் அளந்து, அந்த எட்டு எண்களையும் இங்கேயே எழுதுங்கள். அளந்தபோது பம்ப் ஓடியதா, ஹோஸ் மாட்டியிருந்ததா, ஸ்லைட் உள்ளே இருந்ததா வெளியே இருந்ததா என்பதையும் சேர்த்து எழுதினால், அடுத்து எதைக் கழற்ற வேண்டும் என்பதை என்னால் ஓரளவு துல்லியமாகச் சொல்ல முடியும். அதுவரை பம்பை வாங்காதீர்கள்.